நெய்தலும் பாலையும் கூடும் கரை

கடல் கடந்து சென்று காண்பதற்குரிய விந்தைகள் உலகில் எத்தனையோ உள. ஆயினும், தொலைவில் இருப்பதனாலேயே ஒன்று சிறப்புடையதாகிவிடாது. அண்மையில் இருப்பதனாலேயே ஒன்று எளியதாகியும் விடாது. சென்ற தைத் திங்களில், பொங்கல் விடுமுறையை ஒட்டி, லிங்கராஜபுரத்து நம் சங்கக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி மேற்கொண்ட பயணம் இவ்வுண்மையை எங்களுக்கு நன்கு உணர்த்திற்று. அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இப்பயணத்திற்கு வித்திட்டது ஒரு தொலைக்காட்சிப் படம். ஆப்பிரிக்காவின் தென்மேற்கே, நமீபியா நாட்டின் கடற்கரை நெடுக ஊர்தியிற் சென்று விலங்குகளையும் பறவைகளையும் காணும் சஃபாரி உலாவைக் காட்டும் படம் அது. ஒரு ஞாயிறு மாலை, எங்கள் தெருவின் சிறார் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடியமர்ந்து அதனைக் கண்டனர். அக்கரையை 'எலும்புக்கூட்டுக் கரை' என்று அழைக்கின்றனர். ஒருபுறம் நமீப் பாலைவனத்தின் மணற்குன்றுகள்; மறுபுறம் அட்லாண்டிக் பெருங்கடல். பெங்குவேலா என்னும் குளிர்நீரோட்டம் கரையை ஒட்டி ஓடி மேலுள்ள காற்றையும் குளிர்விப்பதனால், அங்கே மூடுபனி மிகுதி. மழையோ மிக அரிது. அம்மூடுபனியில் வழிதப்பிக் கரைதட்டிய கப்பல்கள் பல. 1909-ஆம் ஆண்டில் தரைதட்டிய எடுவார்ட் போலன் என்னும் செருமானியக் கப்பல், கடல் விலகிச் சென்றுவிட, இன்று மணலின் நடுவே துருவேறிக் கிடக்கிறது. தலைகீழாக நின்று, முதுகிற் படியும் பனித்துளியை வாய்க்கு வழியவிட்டுப் பருகும் வண்டினையும், வறண்ட ஆற்றுப் படுகையில் நீர் தோண்டும் யானையையும், கரையிற் பல்லாயிரமாகக் குழுமும் கடல்நாய்களையும் கண்டு சிறார் வியந்தனர். அந்நாட்டின் தெற்கே, வைரம் கிடைத்த காலத்தில் செழித்து, 1956-இல் முற்றும் கைவிடப்பட்ட கோல்மன்ஸ்கோப் என்னும் ஊரின் அறைகளுக்குள் மணல் புகுந்து கிடந்த காட்சியைக் கண்டபோது ஒருவரும் பேசவில்லை.

படம் முடிந்ததும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, "அப்பா, நாம் அங்கே போகலாமா?" என்றாள். தந்தையார் விமானக் கட்டணத்தை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டு, "அந்தச் செலவில் நம் தெருவில் இரண்டு கல்யாணம் நடத்திவிடலாம் அம்மா" என்றார். எல்லாரும் நகைத்தோம். அப்போது பக்கத்து வீட்டுப் பாட்டியார் மெல்லச் சொன்னார்: "மணலும் கடலும் அழிஞ்ச ஊரும் பார்க்க ஆப்பிரிக்கா எதுக்குக் கண்ணு? எங்கம்மா கப்பலேறின ஊரைப் போய்ப் பாருங்க. நானும் வர்றேன். நான் அதைப் பார்த்ததே இல்லை."

அவர் கூறிய ஊர் தனுஷ்கோடி.

பாம்பனைக் கடந்து

லிங்கராஜபுரத்திலிருந்து இராமேசுவரம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஒசூர், சேலம், கரூர், மதுரை வழியாக இரவெல்லாம் ஓடிய எங்கள் வேன், பொழுது புலரும் வேளையில் மண்டபத்தை அடைந்தது. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின்மேல் வண்டியை மெல்லச் செலுத்தக் கேட்டுக்கொண்டோம். கீழே, கடலுக்குக் குறுக்கே, இரயில் பாதை. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் 2022-ஆம் ஆண்டின் இறுதியோடு ஓய்வுபெற்றது. கப்பல் வருங்கால் அதன் நடுப்பகுதி இருபுறமும் கைகளைத் தூக்குவதுபோல் திறக்கும். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ, நடுத்தளம் முழுவதும் நேராக மேலெழுகிறது. அதன் வேலைப்பாட்டைச் சிறார் வியந்து நோக்க, பாட்டியார் மட்டும் மண்டபத்துப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தைப் பின்னரே அறிந்தோம்.

இராமேசுவரத்தில் நீராடி இறைவனை வணங்கிப் பசியாறிய பின், தென்கிழக்கே செல்லும் சாலையைப் பற்றினோம். சிறிது தொலைவிலேயே நிலத்தின் தோற்றம் மாறலாயிற்று. தலை குடைபோல் விரிந்த உடைமரங்கள் மணலில் தனித்தனியே நின்றன. "இது ஆப்பிரிக்கா மரம்தானே? இதன் அடியில்தானே ஒட்டகச்சிவிங்கி நின்றது!" என்று ஒரு சிறுவன் கூவினான். அவன் கூற்று முற்றும் பிழையன்று. படத்தில் கண்ட வேலமும் நம் உடைமரமும் ஒரே குடும்பத்து உறவினங்களே. ஒட்டகச்சிவிங்கிக்கு மாறாக இங்கே அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. அவ்வளவே வேற்றுமை.

அதற்கப்பால் சவுக்குத் தோப்புகளும் தீர்ந்தன. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் இருமருங்கிலும் கடல், நடுவே மணல். முன்னாளில் சாலை அச்சத்திரத்தோடு முடிந்துவிடும். அப்பால் செல்ல விரும்புவோர், மணலிலும் உப்புநீர்ப் பள்ளங்களிலும் குலுங்கிக் குலுங்கிச் செல்லும் ஜீப்புகளிலும் வேன்களிலும் நெருக்கியடித்து ஏறவேண்டும். வழியறிந்த உள்ளூர் ஓட்டுநரே அன்று துணை. 2017-ஆம் ஆண்டில் அங்கிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் நீளமுள்ள தார்ச்சாலை திறக்கப்பட்டது. பயணம் எளிதாயிற்று, கூட்டமும் பெருகிற்று.

வடபுறத்துக் கடலைப் 'பெண் கடல்' என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்றும் அவ்வூரார் வழங்குகின்றனர். முன்னது அமைதியானது, பின்னது ஆர்ப்பரிப்பது என்பது பொதுவான எண்ணம். நாங்கள் சென்ற நாளிலோ வடகிழக்குக் காற்றில் பெண் கடல் சீறிக்கொண்டிருந்தது. ஆண் கடல் குளத்துநீர்போல் கிடந்தது. "பெண் கடல் எப்போதும் அடங்கியே இருக்கும் என்பது ஆண்கள் கட்டிய கதை போலும்" என்றார் உடன்வந்த தாய்மார் ஒருவர். உண்மையில் காற்றின் திசை மாறுந்தோறும் இரு கடல்களும் தம் குணத்தை மாற்றிக்கொள்கின்றன. ஒரு கடல் சினக்குங்கால் மறுகடலில் தொழில் செய்யலாம் என்பதே அங்குள்ள மீனவருக்கு இயற்கை அளித்த வாய்ப்பு.

மணலிலும் வாழ்வு

இதனைப் பாலைவனம் என்று சொல்லுதல் தகுமா என்று எங்களுக்குள் வாதம் எழுந்தது. நமீபியாவைப்போல் மழையே அறியாத நிலமன்று இது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் பெய்கிறது. நம் முன்னோர் வகுத்தவாறு நோக்கின், கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். பாலை என்பது தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டபோது கொள்ளும் வடிவமே பாலை. தனுஷ்கோடியிலோ நெய்தலே இயல்பு கெட்டுப் பாலையாகி நிற்கிறது எனலாம். பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. நெய்தலுக்கு உரியது இரங்கல். இவ்விரண்டும் ஒரே கரையில் கூடுவதை அன்று மாலைக்குள் நாங்கள் கண்கூடாகக் காணவிருந்தோம்.

முதலில் கண்டது மணலின் உயிர்ப்பை. வறண்டது போல் தோன்றும் அம்மணலின்மேல் அடும்பங்கொடி படர்ந்து செந்நீல மலர்களை விரித்திருந்தது. முள்ளுமுள்ளாக உருண்டை வடிவில் காய்த்து, காற்றில் உருண்டோடி விதை பரப்பும் புல் ஒன்றும் அங்கே உண்டு. அதற்கு நம் மக்கள் இட்ட பெயர் 'இராவணன் மீசை'. இராமபிரானின் வில்முனை தொட்ட இடம் என்று பெயர்பெற்ற கரையில், மணலை இறுகப் பற்றிக் காப்பது இராவணன் மீசையே என்பதைக் கேட்டுச் சிறார் கைகொட்டி மகிழ்ந்தனர்.

சாலைக்கு வடக்கே, ஆழமற்ற நீர்ப்பரப்பில், வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீருட் செலுத்திச் சேற்றைச் சலித்துச் சிற்றுயிர்களை உண்ணும் பறவைகள் அவை. குளிர்காலத்தில் இங்கு வரும் இவற்றிற்காகவே, 2025-ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாட்டு அரசு தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் ஒன்றை அறிவித்துள்ளது. இக்கரையில்தான் பங்குனி ஆமைகளும் முட்டையிடுகின்றன. தைத் திங்கள் தொடங்கி, இரவில் கரையேறி, துடுப்புக் கால்களால் குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டு, அவை கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. நாயும் நரியும் தோண்டித் தின்னாதபடி வனத்துறையினர் அம்முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். சிங்கத்தைக் காணவில்லையே என்று ஏங்கிய சிறுவன்கூட, மணலில் ஆமை இழுத்துச் சென்ற தடம் ஒன்றைக் கண்டபின் அவ்வேக்கத்தை மறந்தான்.

கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர் சிலரைக் கண்டோம். அண்மையில், ஓலைக் குடிசையொன்றின் பக்கத்தில், மணலில் இரண்டு மூன்றடி ஆழத்திற்குக் குழி தோண்டப்பட்டிருந்தது. அதில் ஊறிய நீரை ஒரு பெண்மணி அகப்பையால் மொண்டு குடத்தில் ஊற்றினார். இருபுறமும் கூப்பிடு தூரத்தில் உப்புக் கடல். "குடித்துப் பாருங்கள்" என்றார். குடித்தோம், சிறிதும் உப்புக் கரிக்கவில்லை! மணலில் இறங்கிய மழைநீர், உப்புநீரினும் எடை குறைந்ததாதலால், அதன்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. ஆழத் தோண்டினால் உப்பாகிவிடும்; மேலோட்டமாகத் தோண்டி, ஊற ஊற எடுக்கவேண்டும். பனித்துளி பருகும் நமீப் வண்டின் நுட்பத்திற்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. இருநூறு ரூபாய்க்கு நீர் வாங்கும் கோடை நாட்களை நினைத்துக்கொண்டு, எங்கள் லிங்கராஜபுரத்துத் தாய்மார் அக்குழியை நெடுநேரம் நோக்கி நின்றனர்.

ஓர் இரவில் அழிந்த ஊர்

பவளக் கற்களால் எழுப்பப்பட்ட மாதா கோயிலின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. இரயில் நிலையத்தின் எஞ்சிய வளைவுகளும், நீர்த்தொட்டியும், அஞ்சல் நிலையத்தின் இடிபாடுகளும் மணலில் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. ஒரு காலத்தில் இது எத்தகைய ஊர்!

1914-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. சென்னையில் ஒரே சீட்டு வாங்கிக்கொண்டால், போட் மெயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலில் கடல் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேரலாம். 'இர்வின்', 'கோஷன்' என்னும் கப்பல்கள் இத்துறையில் ஓடின. சுங்கச் சாவடி, அஞ்சல் நிலையம், பள்ளி, விடுதிகள், கடைத்தெரு என எல்லாம் இருந்தன.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் அனைத்தும் முடிந்தன. இலங்கையைத் தாக்கிய கடும்புயல் பாக்கு நீரிணையைக் கடந்து இக்கரைமேல் பாய்ந்தது. பனையளவு எழுந்த அலைகள் ஊருக்குள் புகுந்தன. அவ்வேளையில் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில், நூற்றுக்கு மேற்பட்டோருடன் ஊரை நெருங்கும் இடத்தில் கடலுள் மூழ்கிற்று, ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் தளங்களும் அடித்துச் செல்லப்பட்டன. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் அப்பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டு மீண்டது. தனுஷ்கோடி மீளவில்லை. வாழத் தகுதியற்ற இடமென அரசு அதனை அறிவித்தது. இருப்புப்பாதையும் இராமேசுவரத்தோடு நின்றுவிட்டது.

பிரிவும் இரங்கலும்

இரயில் நிலையத்தின் இடிபாட்டருகே பாட்டியார் அமர்ந்துவிட்டார். சிறார் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவர் கூறியதைச் சுருக்கித் தருகிறோம்.

அவருடைய பெற்றோர் புதுமணத் தம்பதியராய், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னே புறப்பட்டவர்கள். தொழிலாளர்களை மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைத்து, மருத்துவச் சோதனை முடித்து, பின்னரே தனுஷ்கோடியில் கப்பலேற்றுவர். பாம்பன் பாலத்தில் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தது அம்முகாமைத்தான். "கப்பல் ஊதினதும் எங்கப்பா அம்மாகிட்ட, 'ரெண்டே வருஷம், இதே துறையில வந்து இறங்கிடலாம்'னு சொன்னாராம். அம்மா அதைச் சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றார்.

இரண்டு ஆண்டு முப்பது ஆண்டாயிற்று. மலைநாட்டில் பிள்ளைகள் பிறந்தனர். 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, எஞ்சியோரைப் பின்னர் முடிவு செய்வது என்பது அதன் சாரம். திரும்புவதற்கு ஆணை பிறந்தது அக்டோபரில். திரும்பி வந்து இறங்கவேண்டிய துறை அழிந்தது டிசம்பரில். ஈராண்டென்று நம்பிச் சென்றவர்களுக்கு, கதவு திறந்த ஆண்டிலேயே வாயிற்படி இல்லாமற் போயிற்று.

பாட்டியாரின் குடும்பம் 1972-இல் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி அவர்கள் இறங்கியது இராமேசுவரத்தில். "இது தனுஷ்கோடி இல்லையே, நம்மைத் தப்பான ஊர்ல இறக்கிட்டாங்களேன்னு அம்மா அழுதாங்க. புயல்ல போச்சுன்னு பக்கத்தில இருந்தவங்க சொன்னாங்க. அம்மா நம்பவே இல்லை. ஒரு ஊரு எப்படி இல்லாமப் போகும்னு கேட்டாங்க." அவ்வாறு திரும்பியோருள் சிலர், நம் கருநாடக மாநிலத்துச் சுள்ளியா, புத்தூர் பகுதிகளின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர், வேறு பலர் தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். பாட்டியாரின் குடும்பமோ கட்டட வேலை தேடிப் பெங்களூர் வந்து, லிங்கராஜபுரத்தில் ஓர் ஒற்றை அறையில் குடியேறியது.

அவர் பேசிமுடித்தபின் நாங்கள் அரிச்சல்முனைக்குச் சென்றோம். இரு கடல்களின் அலைகளும் அங்கே எதிரெதிரே வந்து மோதுகின்றன. இலங்கைக் கரை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும், ஓர் இளைஞரின் கைப்பேசி ஒலித்தது. இலங்கைக்கு வரவேற்கிறோம் என்றதொரு செய்தி அதில் வந்திருந்தது. பாட்டியார் அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். "எங்களுக்கு எத்தனை காகிதம் கேட்டாங்க! இது காகிதமே இல்லாமப் போயிட்டு வருதே" என்றார். பின்னர், யாரும் எதிர்பாராவண்ணம், அச்சிறுமியின் தோளைப் பற்றிக்கொண்டு, "அம்மாகிட்ட நான் பொய் சொல்லல. ஊரு இல்லாமத்தான் போச்சு. ஆனா தண்ணி இன்னும் இனிப்பாத்தான் இருக்கு" என்றார். அதன்பின் வேன் புறப்படும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

சென்று வருவோர் கவனத்திற்கு

செல்ல விழையும் அன்பர்களுக்குச் சில சொற்கள். மார்கழி முதல் மாசி வரையிலான திங்கள்கள் ஏற்றவை. வெயில் தாங்கக்கூடியது, பூநாரைகளையும் காணலாம். முனைக்கருகே நீரோட்டம் வஞ்சகமானது. அங்கே கடலில் இறங்குதல் ஆகாது. மாலை மயங்குமுன் திரும்பிவிடவேண்டும். மணலில் வண்டியை ஓட்டுதல் ஆமை முட்டைகளை நசுக்கும். பறவைகளை நெருங்கிப் படமெடுத்தல் அவற்றைப் பசியோடு விரட்டுவதாகும். மாதா கோயிற் சுவர்களில் காதலர் பெயர்கள் கீறப்பட்டிருப்பதையும், நெகிழிப் பைகள் அடும்பங்கொடியில் சிக்கியிருப்பதையும் கண்டு நாணினோம். அது மாண்டோர் துயிலும் இடம். அங்கே இன்றும் மக்கள் குடிசை கட்டி வாழ்கின்றனர். அவர்களிடம் மீனோ சங்கோ வாங்கி, இரண்டு சொல் பேசிவிட்டு வருதல் நலம்.

அனைத்தினும் மேலான துணைப்பொருள் ஒன்று உண்டு. வீட்டில் முதியோர் இருப்பின் அவரையும் அழைத்துச் செல்க. நம்மிற் பலர் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை அறிவோம். எத்துறை வழியாக, யார் கைப்பிடித்து, என்ன வாக்குறுதியை நம்பி நம் முன்னோர் புறப்பட்டனர் என்பதை அறிந்தோர் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். ஊரைப் புயல் ஓர் இரவில் கொண்டுபோகும். கேட்பாரற்ற நினைவோ ஓசையின்றியே போய்விடும்.

ஊர் திரும்பிய மறுநாள், ஆப்பிரிக்கா செல்லலாமா என்று கேட்ட அச்சிறுமி ஒரு குறிப்பேட்டுடன் பாட்டியார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்ததைக் கண்டோம். இதுவரை ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறாள். இத்தகைய குறிப்புகளைத் தங்கள் இல்லங்களிலும் எழுதுவித்து, நம் இதழுக்கு அனுப்பிவைக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.